கொட்டியாரக் குடாவில் ஒரு லோஞ்ச்: விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும் விளையாட்டைச் செய்த பதிவு

திருகோணமலை இறங்குதுறையிலிருந்து புறப்படும் லோஞ்ச் (பயணிகள் படகு) ஒன்றைக் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நாங்கள் செய்த விளையாட்டு. அதில் காற்றும் அலையும் 'நாள் எண்' என்ற ஓர் எண்ணிலிருந்து பிறக்கின்றன. ஒரே நாள் எண்ணைக் கொடுத்தால் எந்த வீட்டில், எந்தக் கணினியில் விளையாடினாலும் அதே கடல் வர வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் தங்கள் புள்ளிகளை நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளில் விண்டோஸ் 10 மேசைக்கணினிகளும், லினக்ஸ் மின்ட் நிறுவப்பட்ட பழைய மடிகணினிகளும் இருக்கின்றன. உப்புவெளியில் விடுதிகளுக்கு விளம்பரம் வடிவமைக்கும் நண்பரிடம் எம்1 செயலியுடைய மேக் மினி ஒன்று உண்டு. இந்த மூன்றிலும் ஒரே தமிழும் ஒரே கடலும் தெரிய வேண்டும் என்பதே இலக்கு. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், செய்தவற்றை ஓரளவு விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

முதலில் எதைக் கொண்டு செய்வது என்ற கேள்வி வந்தது. 2014இல் திறமூலமாக வெளியிடப்பட்ட கோடோட் என்ற விளையாட்டு இயந்திரத்தை (விளையாட்டுகளைச் செய்ய உதவும் மென்பொருளை) விரும்பித்தான் பார்த்தோம். 2023இல் வந்த அதன் நான்காம் பதிப்பு தமிழ் எழுத்துகளையும் ஒழுங்காகக் கோத்துக் காட்டுகிறது. ஆனால் அதன் மிக எளிய வரைமுறைக்கே ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தின் 3.3ஆம் பதிப்பு வேண்டும். எங்கள் பிள்ளைகளின் மடிகணினிகள் சிலவற்றில் உள்ள வரைகலைச் சில்லு 2.1க்கு மேல் ஏறாது. அவர்களை விட்டுவிட்டு ஒரு விளையாட்டைச் செய்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே சி++ மொழியில் எஸ்டிஎல் 2 நூலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பை) வைத்து எழுதுவது என்று முடிவாயிற்று. சாம் லான்டிங்கா 1998இல் தொடங்கிய இந்த நூலகம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்த லோகி நிறுவனத்தின் வேலைகளோடு சேர்ந்து வளர்ந்தது. பல இயங்குதளங்களில் ஓட வைப்பதுதான் அதன் பிறப்பின் நோக்கமே. சாளரம், விசைப்பலகை, ஒலி, இருபரிமாண வரைதல் ஆகியவற்றை அது ஏற்றுக்கொள்கிறது. நாம் ஒரே கட்டளையை எழுதினால் போதும். விண்டோஸில் டைரக்ட்3டி வழியாகவும், லினக்ஸில் ஓபன்ஜிஎல் வழியாகவும், மேக்கில் மெட்டல் வழியாகவும் அது வரைந்து கொடுக்கும். இந்தப் பகுதியில் எங்களுக்குப் பெரிய சிரமம் எதுவும் இருக்கவில்லை. நூலகத்தின் எல்லைக்கு வெளியே கிடக்கும் எழுத்து, கோப்பு, எண் ஆகிய மூன்றும்தான் உழைப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன.

எழுத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழில் விளையாட்டுச் செய்பவர் எவரும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். லினக்ஸ் மின்டில் முகப்புத் திரையின் 'கொட்டியாரக் குடா' என்ற தலைப்பு சரியாக வந்தது. அதே நிரலை விண்டோஸில் தொகுத்து (கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றி) ஓட்டியபோது பக்கத்தில் நின்ற மருமகன்தான் முதலில் கண்டான்: "மாமா, கொம்பு இடம் மாறிக் கிடக்கு." ககரம் முதலில் நிற்க, அதற்கு இடப்பக்கம் வர வேண்டிய ஒற்றைக்கொம்பும் வலப்பக்கம் வர வேண்டிய காலும் இரண்டுமே ககரத்துக்குப் பின்னால் ஒட்டிக் கிடந்தன. 'மூதூர்' என்பதில் தூ என்ற எழுத்து உருவாகாமல், தகரமும் ஊகாரக் குறியும் தனித்தனியே நின்றன. 'திருகோணமலை'யின் கடைசியில் லகரத்தைத் தாண்டி வலப்பக்கம் ஐகாரக் கொம்பு நின்றது.

இதற்குக் காரணம் எழுத்துருவில் இல்லை. எழுத்துகளுக்கு உலகப் பொதுவான எண்களைத் தரும் யூனிகோடு முறை, தமிழ் எழுத்துகளை உச்சரிப்பு வரிசையில் சேமிக்கிறது. மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. அவற்றைக் கண்ணுக்குரிய வரிசையில் மாற்றி அடுக்குவதும், டி, கு, தூ போன்ற கூட்டு வடிவங்களை எழுத்துருவிலிருந்து தேடி எடுப்பதும் ஹார்ஃபஸ் போன்ற, எழுத்துகளைக் கோக்கும் நூலகத்தின் வேலை. எஸ்டிஎல்லின் எழுத்துருத் துணைநூலகத்தை ஹார்ஃபஸ் சேர்த்தும் தொகுக்கலாம், சேர்க்காமலும் தொகுக்கலாம். மின்டின் களஞ்சியத்திலிருந்து எடுத்த பொதியில் அது சேர்ந்திருந்தது. விண்டோஸுக்காக மூலநிரலிலிருந்து தொகுத்தபோது அந்தத் தெரிவு அணைந்த நிலையில் இருந்தது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கும் ஒருவருக்கு இது கடைசிவரை தெரியவே தெரியாது. தெரிவை இயக்கி மறுபடி தொகுத்து, எழுத்து முறை தமிழ், திசை இடமிருந்து வலம் என்று நிரலிலும் வெளிப்படையாகக் குறித்த பிறகு மூன்று இயங்குதளங்களிலும் ஒரே வடிவம் கிடைத்தது.

இந்த இடத்தில் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே வராதே என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான். பாமினி போன்ற பழைய முறைகளில் கொம்பைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சுவதால் எழுத்துகளைக் கோக்கும் நூலகம் தேவைப்படாது. நம் ஊர் அச்சகங்களில் அது நிலைத்து நின்றதற்கும் அதுவே ஒரு காரணம். ஆனால் விளையாடுபவர் தன் பெயரைத் தட்டச்சும்போது இயங்குதளம் யூனிகோடைத்தான் தருகிறது. ஒரே திரையில் இரண்டு குறியாக்கங்களை வைத்து மாற்றிக்கொண்டிருப்பது, இன்றைக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்தி நாளைக்குப் பத்து வேலைகளைச் சேர்ப்பதாகும். யூனிகோடை விட்டுக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எழுத்துருவையும் இயங்குதளத்திடம் கேட்கவில்லை. விண்டோஸில் லதாவோ நிர்மலாவோ இருக்கும். மேக்கில் தமிழ் சங்கம் எம்என் இருக்கும். லினக்ஸில் லோகித் இருக்கலாம், நோட்டோ இருக்கலாம். ஒவ்வொன்றின் அகலமும் உயரமும் வேறு. ஒன்றில் பெட்டிக்குள் அடங்கும் 'இறங்குதுறையை நெருங்குகிறீர்கள்' என்ற வரி இன்னொன்றில் வெளியே வழிந்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பதால் அதை விளையாட்டோடு சேர்த்தே கொடுத்தோம். வரைவது எல்லா இடத்திலும் அதே ஃப்ரீடைப் நூலகம் என்பதால், வரி முறியும் இடம்கூட ஒத்து வந்தது.

லோஞ்ச் ஓட்டியின் பேச்சு ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும் காட்சியில் அடுத்த சிக்கல் இருந்தது. 'திருகோணமலை' நம் கணக்கில் 6 எழுத்து. யூனிகோடில் 10 குறியீடு. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் அமைந்த கோப்பில் 30 பைட். குறியீடு குறியீடாகக் காட்டினால் முதலில் 'த' தோன்றிப் பிறகு 'தி' ஆக மாறும். 'க' தோன்றி, கொம்பு வந்ததும் முழுச்சொல்லும் வலப்பக்கம் நகர்ந்து துடிக்கும். தமிழ்க் குறியீடுகளில் 3006 முதல் 3021 வரை உள்ளவையும் 3031உம் முன்னால் உள்ள எழுத்தோடு சேர வேண்டியவை என்று ஒரு சிறு விதி எழுதினோம். க்ஷ என்பதற்கு மட்டும் தனி விதி. பெயர் தட்டச்சும் பெட்டியில் பின்னழிக்கும் விசையும் இதே விதியைப் பின்பற்றுகிறது. பெயர்களை ஒப்பிடுவதற்கு முன் இயல்பாக்கமும் (ஒரே எழுத்தின் மாற்று வடிவங்களை ஒன்றாக்குவதும்) தேவை. 'கோ' என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் 'கோகுலன்' என்ற ஒரே பிள்ளை புள்ளிப் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவான்.

எழுத்தில் இன்னும் ஒன்று, ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றில் ஓட்டிப் பார்த்தபோது தெரியவந்தது. தமிழ் எழுத்து எதுவாயினும் யூடிஎஃப்-8இல் அதன் முதல் பைட்டின் மதிப்பு 224. சி++ மொழியின் 'சார்' வகை, இன்டெல் கணினிகளில் குறை எண்களையும் ஏற்கும் என்பதால் அங்கே 224 என்பது −32 ஆகப் படிக்கப்படும். ராஸ்பெரி பை போன்ற ஏஆர்எம் செயலிக் கணினிகளின் லினக்ஸில் அதே வகை குறை எண்ணை ஏற்காது. அங்கே 224 என்றே இருக்கும். 'பூச்சியத்துக்குக் குறைவாக இருந்தால் தமிழ்' என்று சோதிக்கும் வரி ஒன்று இன்டெலில் வேலை செய்தது, ராஸ்பெரி பையில் தமிழையே அடையாளம் காணவில்லை. பைட்டுகளைத் தொடும் எல்லா இடத்திலும் குறியற்ற 8 பிட் வகையை வெளிப்படையாக எழுதுவது இதற்குத் தீர்வு.

கோப்புகளுக்கு வருவோம். பிரெடரிக் கோட்டைக்குள் நிற்கும் மான்களைப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அழகாக வரைந்து கொடுத்திருந்தாள். கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது, நிரலிலோ சிறிய எழுத்து. விண்டோஸும் வழக்கமான அமைப்பிலுள்ள மேக்கும் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும்; லினக்ஸ் வெவ்வேறாகக் கொள்ளும். ஆகவே மின்ட் மடிகணினிகளில் மட்டும் கோட்டை மான் இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது. எல்லாக் கோப்புப் பெயர்களும் சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றால் மட்டுமே அமைய வேண்டும் என்று விதித்து, மீறினால் தொகுப்பே நின்றுவிடும்படி தொகுப்பை நடத்தும் சீமேக் கருவியில் ஒரு சோதனையும் வைத்தோம். விளையாட்டுக்குள் முழுக்கத் தமிழ், கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு; பழைய மேக் கோப்பு முறைமை பெயரிலுள்ள ஓகாரத்தை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் கோப்புறையின் பெயர் நம் கையில் இல்லை. விண்டோஸில் தன் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்த ஒரு பிள்ளையின் கணினியில் விளையாட்டைச் சேமிக்கவே முடியவில்லை. விண்டோஸில் தமிழுக்கென்று பழைய பாணிக் குறியாக்கப் பக்கம் எதுவும் கிடையாது. தமிழ் அங்கே யூனிகோடாக மட்டுமே உண்டு. சி மொழியின் வழக்கமான கோப்புத் திறப்புக் கட்டளை பழைய குறியாக்கப் பக்கத்தின் வழியாகவே பாதையைப் படிப்பதால், தமிழ்ப் பெயரைக் கடந்து உள்ளே போக அதற்கு வழியில்லை. எஸ்டிஎல்லின் கோப்புக் கட்டளைகள் பாதையை யூடிஎஃப்-8ஆக வாங்கி விண்டோஸுக்குரிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்கின்றன. எங்கே சேமிப்பது என்பதையும் அதனிடமே கேட்டால், ஒவ்வோர் இயங்குதளத்தின் வழக்கப்படி பயனருக்குரிய இடத்தைத் தருகிறது. எல்லாக் கோப்புத் திறப்பையும் அந்த வழிக்கு மாற்றியதும் அந்தப் பிள்ளையின் கணினியும் சேமித்தது.

மாரி காலத்தில் இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சேமித்துக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்புத்தான் மிஞ்சும். புதிய நிலையைத் தற்காலிகக் கோப்பில் முழுமையாக எழுதி முடித்து, பிறகு அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டுவது இதற்கு உரிய முறை. லினக்ஸிலும் மேக்கிலும் பெயர்மாற்றக் கட்டளை, பழைய கோப்பு இருந்தால் அதன் இடத்தில் புதியதை ஒரே செயலாக வைத்துவிடும். விண்டோஸிலோ அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதே கட்டளை மறுத்துவிடும். அங்கே மூவ்ஃபைல்எக்ஸ் என்ற விண்டோஸ் கட்டளையை, இருப்பதை மாற்று என்ற தெரிவோடு அழைக்க வேண்டும். இயங்குதளத்துக்கு இயங்குதளம் தனி நிரல் எழுதிய மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று.

சேமிப்புக் கோப்பைப் பென் ட்ரைவில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக முடிய வேண்டும் என்பதால் அதன் அமைப்பையும் பைட் பைட்டாக நாங்களே வரையறுத்தோம். 'லாங்' என்ற எண் வகை 64 பிட் விண்டோஸில் 4 பைட், 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 8 பைட். அமைப்பை அப்படியே கோப்பில் கொட்டினால், ஓரிடத்தில் எழுதியதை இன்னோரிடத்தில் படிக்கும்போது முதல் எண்ணுக்குப் பிறகு எல்லாமே தள்ளிப்போகும். அளவு பெயரிலேயே உள்ள வகைகளை மட்டும் பயன்படுத்தினோம். கோப்பை எப்போதும் இருமமாகவே திறந்தோம். உரைக் கோப்பாகத் திறந்தால், 10 என்ற மதிப்புள்ள ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் 13 என்ற மதிப்புள்ள பைட் ஒன்றை விண்டோஸ் செருகிவிடும். லோஞ்சில் 10 பயணிகள் இருக்கும் நாளில் மட்டும் கோப்பு கெடுவதுபோலத் தோன்றும்.

இனி எண்கள். 'ஒரே நாள் எண், ஒரே கடல்' என்ற வாக்கைக் காப்பாற்றுவதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்த பகுதி. மைக்ரோசாஃப்ட் தொகுப்பியில், எழுந்தமானமாக எண் தரும் பழைய 'ராண்ட்' கட்டளை 32767 வரைதான் எண் தரும்; லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் 2147483647 வரை தரும். இரண்டும் வேறு வேறு வரிசை. சி++ தரநிலையிலுள்ள மெர்சென் ட்விஸ்டர் என்ற எண்பிறப்பி எல்லா இடத்திலும் ஒரே வரிசையைத் தரும். தொடக்க மதிப்பை மாற்றாமல் ஓட்டினால் 10000ஆவது எண் 4123659995 ஆக இருக்க வேண்டும் என்று தரநிலையே எழுதிவைத்திருக்கிறது. எங்கள் விளையாட்டு திறக்கும்போது இதைச் சரிபார்த்துவிட்டுத்தான் முகப்பைக் காட்டுகிறது. எனினும் அந்த வரிசையிலிருந்து '1 முதல் 6 வரை ஓர் எண்' என்று எடுத்துத் தரும் பரவல் வகுப்புகளை எப்படிச் செய்வது என்பதைத் தரநிலை ஒவ்வொரு தொகுப்பியின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. பலர் தடுக்கி விழும் இடம் இது. மூல எண்ணை எடுத்து வீச்சுக்குள் கொண்டுவரும் சில வரிகளை நாங்களே எழுதிக்கொண்டோம்.

எண்கள் ஒத்துவந்த பிறகும் மேக் மினியில் மட்டும், பயணத்தின் பிற்பாதியில் லோஞ்ச் சற்று விலகியது. சைன், கொசைன் கட்டளைகளின் கடைசித் துளி இலக்கம் நூலகத்துக்கு நூலகம் மாறலாம். எம்1 போன்ற ஏஆர்எம் செயலிகளில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் முடித்து ஒரே தடவை மட்டும் முழுமையாக்கும் வசதி இருப்பதால், தொகுப்பி அதைப் பயன்படுத்தும்போது விடையின் கடைசி பிட் மாறலாம். ஒரு பிட் வேறுபாடு அலைமேல் அலையாகப் பெருகி, மூதூரை நெருங்கும்போது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கிறது. இணைத்துச் செய்வதைத் தடுக்கும் தொகுப்பித் தெரிவு உண்டு. ஆனாலும் நாங்கள் இன்னும் அடிப்படையான வழியைத் தேர்ந்தோம். லோஞ்சின் இடம், வேகம், காற்று எல்லாம் முழு எண்கள்; ஒரு திரைப்புள்ளியின் 256இல் ஒரு பங்கு ஓர் அலகு. சைன் மதிப்புகள் முன்கூட்டியே கணித்து வைத்த முழு எண் அட்டவணையிலிருந்து வருகின்றன. கடல் நொடிக்கு 60 தடவை என்ற நிலையான அடியில் மட்டுமே முன்னேறும். திரை எவ்வளவு வேகமாக வரைந்தாலும், விண்டோஸின் உறக்கக் கட்டளை வழக்கமாக 15.6 மில்லிநொடிப் படிகளில்தான் விழித்தாலும், கடலுக்கு அது தெரியாது. ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் எல்லா அடிகளையும் சேர்த்துக் கணித்த ஒரு சரிபார்ப்பு எண் திரையின் மூலையில் வருகிறது. ஒருவரின் விசை அழுத்தங்களைப் பதிவு செய்து மற்றக் கணினிகளில் மீள ஓட்டினால் அந்த எண் மாறாமல் வர வேண்டும். இப்போது நான்கு வகைக் கணினிகளிலும் அப்படியே வருகிறது.

வரைதலில் ஒரேயொரு சங்கதி சொல்லத் தக்கது. கடற்கரை, சுவாமி மலை, கோணேசர் கோயில் ஆகியவற்றை ஒரு தடவை வரைந்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு அதையே காட்டுகிறோம். டைரக்ட்3டி 9 வழியில், முழுத்திரைக்கு மாறும்போது அப்படி வரைந்து வைத்தது அழிந்துபோகலாம். எஸ்டிஎல் அப்போது ஒரு நிகழ்வை அனுப்புகிறது; அதைக் கேட்டு மறுபடி வரைந்தால் போதும். லினக்ஸில் மட்டும் சோதித்தால் இந்த நிகழ்வைக் காண வாய்ப்பே இல்லை.

கடைசியாகப் பொதி செய்தல். விண்டோஸ் பதிப்பு ஒன்றே போதும், லினக்ஸில் வைன் என்ற இடையடுக்கு வழியாக ஓட்டலாம் என்ற யோசனையையும் மதித்துப் பார்த்தேன். 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் அந்த வழியை மிகவும் செம்மையாக்கியிருக்கிறது. பெரிய விளையாட்டுகளுக்கு அது நல்ல தீர்வு. பழைய மடிகணினியில் இன்னோர் அடுக்கை நிறுவச் சொல்வதைவிட நேரடிப் பதிப்புக் கொடுப்பதே பிள்ளைகளுக்கு எளிது. லினக்ஸில் தொகுக்கும் கணினி பழையதாக இருக்க வேண்டும். உபுண்டு 22.04இல் தொகுத்தது மின்ட் 20இல் ஜிலிப்சி 2.34 இல்லை என்று சொல்லித் திறக்க மறுத்தது, உபுண்டு 20.04 சூழலில் தொகுத்தது இரண்டிலும் ஓடுகிறது. விண்டோஸில் மிங்டபிள்யூ தொகுப்பியின் துணை டிஎல்எல்கள் (தனிக் கோப்பாக நிற்கும் நூலகங்கள்) மற்றவர் கணினியில் இருக்காது என்பதால் அவற்றை நிரலுக்குள்ளேயே நிலையாக இணைத்துவிட்டோம். மேக்கில் 2019க்குப் பிந்திய பதிப்புகள், இணையத்திலிருந்து இறக்கும் மென்பொருள்களுக்கு ஆப்பிளின் சான்றை எதிர்பார்க்கின்றன. அதற்கான உறுப்புரிமை ஆண்டுக்கு 99 அமெரிக்க டொலர். எங்களுக்கு அது கட்டாது. மேக் பதிப்பை அந்தந்தக் கணினியிலேயே தொகுத்துக் கொடுக்கிறோம். பிள்ளைகள் பென் ட்ரைவில் எடுத்துப் போகும் லினக்ஸ் பதிப்பை டார் பொதியாகவே கொடுக்க வேண்டும். பென் ட்ரைவின் கோப்பு முறைமை 'இயக்கலாம்' என்ற அனுமதியைச் சேமிக்காது, டார் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளும், வீட்டில் விரித்ததும் இரட்டைச் சொடுக்கில் லோஞ்ச் புறப்படும்.